டன்னக்காவின் பொய் எடை

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் டன்னக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குவாரிச் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முக்கில் ஓர் எடைமேடை, அங்கே அவளுக்கு வேலை. தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புத் தகடு, அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, எங்கு பார்த்தாலும் கல்தூசி. லாரி முதலில் காலியாக வந்து தகட்டில் நிற்கும். அப்புறம் குவாரிக்குள் போய் ஜல்லியை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி நிற்கும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜல்லி. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? அங்கேதான் அத்தனை தில்லுமுல்லும்.

காலி வண்டி கனமாகக் காட்டினால் ஜல்லி குறைவாகக் காட்டும், கட்டவேண்டிய காசும் குறையும். அதனால் சீட்டுக்கு அடியில் பாறாங்கல்லை ஒளித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவார்கள். காலி எடை போட்டு முடிந்ததும் போகிற வழியில் எல்லாவற்றையும் உருட்டிவிடுவார்கள். டன்னக்காவிடம் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. கூண்டிலிருந்து இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றுவாள். பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்பட்டை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, "ஏறினதெல்லாம் இறங்கட்டும்" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே கல்லை எடுத்துக் கீழே போடுவார்கள்.

ஆனால் அவள் அந்தக் கூண்டிலிருந்து இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. கதவு குறுகல், பக்கவாட்டில் திரும்பித்தான் வரவேண்டும். வந்து நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். முழங்கால் வலி வேறு. ஒருநாள் ஹாரன் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு டிரைவர், காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பதால் அந்தப் பெயர், வண்டிக்குள்ளிருந்து கத்தினான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க! நீங்க தகட்டு மேல நின்னா என் வண்டிக் கணக்கு எகிறிடும்!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்படிச் சிரித்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்துபோகும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டு பேர் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

சர்க்கரை வந்தது, ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர்தான் சொன்னார்: பட்டினி கிடந்து குறைக்கிற கட்டத்தைத் தாண்டியாகிவிட்டது, இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று. அவள் அம்மா அதற்குச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிட்டு வந்துடணும். வெளிய தெரிஞ்சா, தின்னு கொழுத்துட்டு இப்ப வயித்த வெட்டிக்கிட்டான்னு பேசுவாங்க. நாளைக்கு உன்னை யாரு கட்டிப்பா?"

அப்படியே முடித்துவிட்டு வந்தார்கள். பித்தப்பையில் கல், அதை எடுத்தாச்சு என்று சொல்லிக்கொண்டார்கள். வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளுக்கும் அது பொருந்திப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும், அதிலும் முட்டை, பருப்பு, பால் மாதிரியானவை முதலில். கர்ப்பமானால் முதல் நாளே, யாரிடம் காட்டினாலும், இந்த ஆபரேஷனைச் சொல்லவேண்டும். அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள்.

எடை மளமளவென்று இறங்கியது. ஒரு வருஷம் போவதற்குள் கூண்டுக் கதவில் நேராக நடந்து போய் வந்தாள். லாரிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். "டன்னக்கா கிலோக்கா ஆயிட்டாங்கடா!" என்று ஹாரன் ஊருக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்தான். எப்படிக் குறைச்சீங்க என்று கேட்காத ஆள் இல்லை. உண்மையில் பொய்யை அவள் யோசிக்கவேகூட வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்களே பதிலையும் கொடுத்துவிட்டார்கள். "நடந்தீங்களாக்கா?" ஆமாம். "வாயைக் கட்டினீங்களா?" ஆமாம். "அடேங்கப்பா, என்ன வைராக்கியம்!" அதற்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. மறுக்காதது மட்டுமல்ல, அந்தப் பாராட்டு அவளுக்கு வெல்லமாக இனித்தது.

கூண்டின் ஏசி ஒருநாள் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் பிறகு அவள் புருஷன் ஆனான். வெள்ளந்தி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். அவளுடைய பழைய போட்டோவை வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டு, போகிற வீட்டில் எல்லாம் தம்பட்டம் அடிப்பான். "இது யாருன்னு சொல்லுங்க பாப்போம். என் பொண்டாட்டி! ஒரு மருந்து மாத்திரை இல்லாம நடந்தே குறைச்சா. நம்மளால முடியுமா?" ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிட்டவர்கள் இதையும் கேட்டுத் தொலைக்கவேண்டியிருந்தது. மருந்து மாத்திரை இல்லாமல் என்று அவன் சொன்ன அன்றோடு சத்து மாத்திரைகள் வீட்டிலிருந்து கூண்டின் இழுப்பறைக்குப் போயின. இழுப்பறையில் கிடந்ததை அவள் தினமும் எடுத்து விழுங்கினாள், பிறகு ஞாபகம் வந்தபோது விழுங்கினாள், பிறகு மறந்தே போனாள்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். புருஷனுடைய அக்கா. இவளுக்கு அண்ணி. பார்சல் ஆபீசில் போன் எடுத்துப் பேசும் வேலை. குரல் அவ்வளவு இனிமை. பார்சல் வரவில்லை என்று சண்டை போடக் கூப்பிட்டவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள். கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லமாட்டாள், பண்ணிக்கவில்லை என்பாள். உடம்பு பெரிய உடம்பு. பழைய டன்னக்காவின் அளவு இருக்கும். தம்பி பொண்டாட்டி வந்த நாளிலிருந்து அண்ணி அவளைத் தன் குருவாக ஆக்கிக்கொண்டாள்.

"நீ நடந்த மாதிரியே நானும் நடக்கிறேன். நீ என்ன சாப்பிட்டியோ அதையே எனக்கும் சொல்லு."

என்ன சொல்வது? அரை ரொட்டி, ஒரு முட்டை என்று சொன்னாள். அவள் வயிற்றில் அதற்கு மேல் இடம் இல்லை, அதனால் அது அவளுக்குப் போதும். அண்ணியின் முழு வயிற்றுக்கு அது எந்த மூலைக்கு? காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடப்பார்கள். அண்ணி வியர்த்து விறுவிறுத்து, பசியில் கண் இருட்டி, விடாமல் நடந்தாள். குறைந்தது என்னவோ கொஞ்சம்தான், அதுவும் திரும்ப ஏறியது. ஒருநாள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் மனசுல உறுதியே இல்ல? நீயும் மனுஷிதானே? உன்னால முடிஞ்சது என்னால ஏன் முடியல?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "விடாம நடங்க அண்ணி, குறையும்" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அப்புறம் உண்டானாள். வீடே குதித்தது. தெருமுனையில் ஒரு தாய்சேய் நல மையம். நீளமான வராந்தா, ஒரு பெஞ்சு, சுவரோரமாக ஓர் எடை மெஷின், அதன் பக்கத்தில் கண்டிப்பான ஒரு நர்ஸ். நர்ஸ் எடையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள், மேஜையில் இருக்கும் பெண் எழுதிக்கொள்வாள். முதல் நாள் அண்ணிதான் கூட வந்தாள், பக்கத்திலேயே நின்றாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?" என்று நர்ஸ் கேட்டாள்.

டன்னக்கா அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். "பித்தப்பைக் கல்லு" என்றாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மாதங்கள் போயின, எடை ஏறவில்லை. வாந்தி நின்ற பிறகும் ஏறவில்லை. நர்ஸ் திட்டினாள். பருப்பு, முட்டை, கீரை, பால் என்று சொல்லிக்கொடுத்தாள். இவளால் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் இறங்கினால் அதிசயம். இனிப்பைத் தொட்டால் நெஞ்சு படபடத்து உடம்பெல்லாம் வியர்த்தது. சின்னச் சின்னதாகப் பிரித்து ஏழெட்டு வேளை சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால், வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: எடை ஏறாததில் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பழைய உடம்பு திரும்பி வந்துவிடுமோ என்கிற பயம் பேயாகப் பிடித்திருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, கை இன்னும் மெலிசாகத்தான் இருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

"அடுத்த தடவையும் ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச்சொல்வேன்" என்றாள் நர்ஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில் துருவித் துருவிக் கேட்பார்கள். பித்தப்பை அப்படியே இருப்பது ஸ்கேனில் தெரிந்துவிடும். அத்தனையும் புருஷன் முன்னாலேயே வெளியே வரும்.

எடை மேடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு வழி தெரியாதா என்ன? காலி வண்டியைக் கனமாகக் காட்டுவது எப்படி என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கூண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடைக்காரர் போட்டுவிட்டுப் போன பழைய லாரிச் சக்கர நட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் நல்ல கனம். ஒரு துணிப்பட்டையில் பைபையாகத் தைத்து, நட்டுகளைப் போட்டு, உடைக்கு உள்ளே இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். தளர்வான சட்டை மூடிக்கொண்டது.

"அப்படிப் போடு!" என்றாள் நர்ஸ் மெஷினைப் பார்த்து. "பாத்தியா, சொன்னபடி சாப்பிட்டா ஏறுது இல்ல?" அண்ணிக்கு வாயெல்லாம் பல். திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு டஜன் முட்டை வாங்கிக் கொடுத்தாள்.

இந்தத் தில்லுமுல்லில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு தடவை கல்லை வைத்தவன் ஒவ்வொரு நடைக்கும் வைக்கவேண்டும். அடுத்த முறை இன்னும் இரண்டு நட்டு, அதற்கடுத்த முறை இன்னும் நாலு. இடுப்பெலும்பின் மேல் தோல் கன்றிப்போய்க் கருத்தது. பரிசோதனை மேஜையில் படுக்கும் முன்பு, கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிப் பட்டையை அவிழ்த்துக் கைப்பையில் திணித்துக்கொள்வாள். நர்ஸ் டேப்பை வைத்து வயிற்றை அளந்தாள். "வயிறு சின்னதாத்தான் இருக்கு… ஆனா எடைதான் நல்லா ஏறுதே. சரி, உன் உடல்வாகு அப்படி" என்று விட்டுவிட்டாள். அந்த ஏறாத எடையை நம்பித்தான் விட்டாள்.

மையத்துக்குப் போகவேண்டிய ஒரு நாளில், காலையிலேயே நட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள். ஹாரனின் வண்டி காலியாக வந்து தகட்டில் ஏறியது. எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இறங்கி வந்தாள். சக்கரத்தின் வில்பட்டையைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்தபோது நட்டுகள் இடுப்பில் அழுத்தின, உள்ளே பிள்ளை ஒருமுறை அசைந்தது. அவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

"போ" என்றாள்.

ஹாரன் திருதிருவென்று விழித்தான். "என்னக்கா?"

"சரியாத்தான் இருக்கு. போன்னு சொன்னேன்ல?"

"அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவன் கீழே இறங்கியே வந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, இரண்டு பாறாங்கற்களை உருட்டிக் கீழே தள்ளினான். "நீங்க திட்டாம விட்டா எனக்கு வேலையே ஓடாதுக்கா. இப்ப போடுங்க."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே சீட்டை நீட்டினாள். அன்று மாலை அதே பட்டையோடு மையத்துக்குப் போய், அதே பொய்யை ஏறி நின்று காட்டிவிட்டும் வந்தாள். அவ்வளவு வெட்கப்பட்டும் அவிழ்க்கவில்லை, என்னவென்று சொல்வது!

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில், பிள்ளையின் அசைவு குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. படுத்துப் பார்த்தாள், பால் குடித்துப் பார்த்தாள், வயிற்றைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் சரியாக இல்லை. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைப் போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்து மையத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள். பட்டையைக் கட்டிக்கொள்ள நேரமும் இல்லை, ஞாபகமும் இல்லை.

"நாடித்துடிப்பு பாக்கற டாக்டர் இப்ப வந்துடுவாங்க. அதுக்குள்ள மெஷின்ல ஏறு" என்றாள் நர்ஸ், வழக்கப்படி.

அவள் ஏறினாள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். மேஜையில் இருந்த பெண்ணிடம் போன தடவை எவ்வளவு என்று கேட்டாள். முகம் மாறியது.

"இவ்வளவு எப்படி இறங்கும்? பனிக்குடம் உடைஞ்சுதா? தண்ணி போச்சா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப மெஷின்தான் கெட்டுப்போச்சு." நர்ஸ் தானே ஏறிப் பார்த்தாள். "நான் ஏறிப் பாத்தே வருஷக்கணக்காச்சு, என்னோடது எவ்வளவுன்னு எனக்கே தெரியலயே!" என்று எரிச்சலோடு இறங்கி, அண்ணியைப் பார்த்தாள். "ஏம்மா, உன் எடை உனக்குத் தெரியுமா? கொஞ்சம் ஏறு. மெஷின் சரியான்னு பாத்துடலாம்."

வராந்தா நிறைய ஆட்கள். அண்ணி தன் எடையை வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஆபீசில் உடல் பரிசோதனை நடந்த நாளில் லீவு போட்டவள் அவள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. ஒரு நொடி டன்னக்காவின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஏறி நின்றாள்.

நர்ஸ் பழக்கதோஷத்தில் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். பெஞ்சில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், இன்னொருத்தி அவளை இடித்து அடக்கினாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி. அந்த இனிமையான குரல் கம்மிப்போயிருந்தது. "தினமும் காலையில வீட்டு மெஷின்ல கதவைச் சாத்திக்கிட்டு ஏறிப் பாப்பேன். இதேதான் இருந்துச்சு."

டன்னக்காவுக்கு அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. நர்ஸ் பக்கம் திரும்பினாள். "மெஷினும் பொய் சொல்லல, அண்ணியும் பொய் சொல்லல. நான்தான் சிஸ்டர். நட்டு வச்சிருந்தேன்."

"என்ன நட்டு?"

"லாரி நட்டு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையும் திணறலுமாக அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். பட்டையைச் சொன்னாள். பித்தப்பைக் கல் பொய் என்றாள். வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய ஆபரேஷனைச் சொன்னாள், மாத்திரையை விட்டதைச் சொன்னாள். எத்தனை வருஷமாக யார் காதிலும் விழக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாளோ, அது முன்பின் தெரியாத இருபது பேர் முன்னால் உடைந்தது. அவளுக்கு அந்த இருபது பேர் பெரிதாகத் தெரியவில்லை. செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டிருந்த ஒருத்தியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"அப்ப நடக்கல?" என்றாள் அண்ணி, மெதுவாக.

"குறைஞ்சதுக்கு அப்புறம்தான் நடந்தேன் அண்ணி."

அண்ணி திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி திட்டவில்லை. போனை எடுத்து டாக்ஸிக்குக் கூப்பிட்டாள். பார்சல் ஆபீசில் பேசுகிற அதே குரலில், மையத்தின் வாசல் எது, எந்தப் பக்கம் நிறுத்தவேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அவள் கையைப் பிடித்திருந்தாள்.

பிள்ளைக்கு உயிர் இருந்தது. நாடி துடித்தது. ஆனால் வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லை. இவள் ரத்தத்தில் இரும்புச் சத்தும் இல்லை, மற்ற சத்துகளும் இல்லை. ஆஸ்பத்திரிப் பெண் டாக்டர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஆபரேஷன் தப்பில்லம்மா. அதைப் பண்ணிக்கிட்டு ஆரோக்கியமா பிள்ளை பெத்தவங்க எத்தனையோ பேர். சொல்லியிருந்தா ஆரம்பத்துலேர்ந்தே ரத்தம் பாத்து, ஸ்கேன் பாத்து, சாப்பாட்டைப் பிரிச்சுக் கொடுத்திருப்போம். எடை ஏறுதுன்னு காட்டிட்டே, அதனால யாரும் தேடிப் பாக்கல."

படுக்கையில் சேர்த்து, ஊசி வழியாகச் சத்து ஏற்றினார்கள். இரண்டு மணிக்கொரு தடவை ஒரு சின்னக் கிண்ணம்: முட்டை, தயிர், வெந்த பருப்பு. அவள் எடையைப் பற்றி நினைக்காமல் விழுங்கினாள். புருஷன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றான். "என்னை நெனச்சு உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"ஐயோ, இல்லங்க. ஒவ்வொரு தடவையும் செத்தேன்."

"நான் மெஷினைப் பிரிச்சு மாட்டுறவன். ரிப்பேர் பண்ணிக்கிட்டதுல என்ன வெட்கம், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" போனை எடுத்து அந்தப் பழைய போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பெண் குழந்தை, நாள் ஆவதற்கு முன்பே பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் போல இருந்தது. முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள், பிறகு அவள் நெஞ்சோடு. தினம் காலையில் ஓர் ஆயாம்மா சின்னத் தராசைத் தள்ளிக்கொண்டு வந்து எடை பார்ப்பாள். டாக்டர் சொன்ன எடை வந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். ஒரு நாள் கொஞ்சம் ஏறும், மறுநாள் அப்படியே நிற்கும். அண்ணி தினமும் வந்தாள். துணி துவைத்தாள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள், கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். டன்னக்காவிடம் மட்டும் பேசவில்லை. கேட்டதற்கு ம் என்பாள், அவ்வளவுதான். டன்னக்கா அந்த "ம்"முக்கே நன்றியோடு இருந்தாள். அதற்கு மேல் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாக, இன்று எடை வந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்த நாள் வந்தது. அண்ணி விடிந்ததும் வந்து பையெல்லாம் கட்டிவிட்டாள். குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி, காலுறை, போர்த்திக்கொள்ளக் கனத்த துண்டு. ஆயாம்மா தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துணியெல்லாம் எடுத்துவிட்டுப் போட்டாள். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அடடா, துளியூண்டு குறையுதே." கட்டி வைத்த பைகளைப் பார்த்தாள், இரக்கப்பட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தொப்பி, சாக்ஸ் எல்லாம் மாட்டி, துண்டோட சேத்து வச்சுக் காட்டிடட்டுமா? சரியா வந்துடும். சிஸ்டர் அந்தப் பக்கம்தான் இருக்காங்க, யாருக்குத் தெரியப்போகுது? நீங்களும் எத்தனை நாளாத்தான் இங்க கிடப்பீங்க?"

சொல்லிக்கொண்டே தொப்பியை மாட்டியும் விட்டாள். துண்டின் ஓரத்தையும் இழுத்துவிட்டாள். எண் குதித்து ஏறி, வேண்டிய இடத்தில் வந்து நின்றது.

டன்னக்கா அந்த எண்ணைப் பார்த்தாள். வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணி கட்டிய பைகளைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். அவளும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறினதெல்லாம் இறங்கட்டும்" என்றாள் டன்னக்கா.

"என்னம்மா?"

"தொப்பியக் கழட்டுங்க. துண்டையும் எடுத்துடுங்க. உள்ளதைப் போட்டுச் சொல்லுங்க, நாங்க இன்னும் இங்கயே இருக்கோம்."

ஆயாம்மா தோளைக் குலுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுத்தாள். எண் இறங்கியது. குறைந்த எடையையே சொல்லிவிட்டுத் தராசைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அண்ணி குழந்தைக்குத் துணி சுற்றி அம்மாவின் நெஞ்சில் கிடத்தினாள். கட்டிய பைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிரித்தாள். கிண்ணத்தை எடுத்து, ஒரு முட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் கட்டில் அந்தப் பக்கம் சாய்ந்தது. வழக்கமாக அவள் அதற்காகவே நாற்காலியில்தான் உட்காருவாள்.

"அந்த ஆபரேஷன்" என்றாள், கிண்ணத்தைப் பார்த்தபடி. "ரொம்ப வலிச்சுதா?"

இத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வலிச்சுது அண்ணி. ஆனா சமையலறையில நீங்க அழுதப்ப, விடாம நடங்க, குறையும்னு சொன்னேனே… அப்ப எனக்கு வலிக்கவே இல்ல. பாத்திரம் கழுவப் போயிட்டேன். அதை நெனச்சாத்தான் இப்ப உங்க முகத்தைப் பாக்க முடியல."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டு முட்டையை எடுத்து அவள் வாயருகே நீட்டினாள்.

"பாக்காட்டிப் போ. வாயத் தொற" என்றாள்.